பாறையைப் பார்த்துப் பிட்டை எடுங்கள்: டைமண்ட் கோர் துளையிடலுக்கு ஒரு கையேடு

கடினமான பாறைக்குக் கடினமான பிட், அதாவது துளையிடும் ராடின் நுனியில் பாறையை வெட்டும் தலை, வேண்டும் என்றுதான் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். "கருங்கல்லில் ஓட்டப் போகிறோம், நல்ல ஸ்ட்ராங்கான பிட்டாகக் கொடுங்கள்" என்று கடையில் கேட்டு வாங்கியும் வருவார்கள். அந்தப் பிட் கருங்கல்லில் அரை மீட்டர் இறங்கும். அப்புறம் இன்ஜின் ஓடும், தண்ணீர் ஓடும், ராடு சுற்றும், ஆழம் மட்டும் கூடாது. மேலே எடுத்துப் பார்த்தால் பிட் தேய்ந்தே இருக்காது. முகம் கண்ணாடி மாதிரி மின்னும்.

அம்மியை நினைத்துக்கொண்டால் காரணம் புரிந்துவிடும். புதிதாகக் கொத்திய அம்மியில் மிளகாய் சீக்கிரம் அரைபடும். நாள்பட வழுவழுப்பாகிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் குழவி வழுக்கத்தான் செய்யும். மறுபடி கொத்தினால்தான் அரைக்கும். இம்ப்ரெக்னேட்டட் டைமண்ட் பிட்டும் அதே கதைதான். அதன் கிரவுன், உலோகத் தூளை உருக்கிக் கட்டிய ஒரு வளையம். அதை மேட்ரிக்ஸ் என்கிறோம். அதற்குள் மணல் அளவு செயற்கை வைரங்கள் மேலிருந்து கீழ்வரை விரவிக் கிடக்கின்றன. முகத்தில் துருத்தி நிற்கும் வைரம்தான் பாறையைச் சுரண்டுகிறது. அது மழுங்கியதும் அதைப் பிடித்திருக்கும் மேட்ரிக்ஸ் தேய்ந்து, பழையதை உதிர்த்து, அடியில் இருக்கும் புது வைரத்தை வெளியே காட்ட வேண்டும். இங்கே கொத்துகிற ஆள் பாறைத் தூள்தான். தூள் நறநறவென்று அரிக்கக்கூடியதாக இருந்தால் மேட்ரிக்ஸ் கடினமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே நாளில் கரைந்துவிடும். தூள் மாவு மாதிரி நைசாக இருந்தால் மேட்ரிக்ஸ் மென்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கொத்தவே கொத்தாது.

ஆகவே கடினமான, நுண்மணிப் பாறைக்கு மென்மையான மேட்ரிக்ஸ். மென்மையான, அரிக்கும் பாறைக்குக் கடினமான மேட்ரிக்ஸ். பிட் தயாரிப்பாளர்கள் மேட்ரிக்ஸுக்கு எண் கொடுத்து விற்கிறார்கள். பெரும்பாலான கம்பெனிகளில் எண் கூடக்கூட அது கடினமான பாறைக்கானது, அதாவது மேட்ரிக்ஸ் மென்மையானது. ஆனால் ஒரு கம்பெனியின் 7-ம் இன்னொரு கம்பெனியின் 7-ம் ஒன்றல்ல. எண்ணை மட்டும் சொல்லி வாங்காமல், அந்தக் கம்பெனியின் அட்டவணையில் உங்கள் பாறை எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் ஊரில் துளை போடுவது என்றாலே திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிதான் ஞாபகம் வரும். அது காற்றழுத்தத்தில் சுத்தியல் போல அடித்துப் பாறையைப் பொடியாக்கி வெளியே தள்ளும் முறை. தண்ணீர் தேட அது போதும். பாறையை முழு உருளையாக, அதாவது கோராக, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில், அதாவது பாலத்தூண், மெட்ரோ, அணை, கனிமத் தேடல் ஆகியவற்றில், டைமண்ட் பிட்தான். போர்வெல் வண்டியின் பட்டன் பிட் அனுபவம் இங்கே அப்படியே செல்லுபடியாகாது.

பாறையில் எதைப் பார்க்க வேண்டும்

பாறையின் பெயரைவிட முக்கியமான விஷயங்கள் மூன்று: கடினம், மணியின் அளவு, உடைவு.

கடினத்துக்கு ஒரு பேனாக்கத்தி போதும். கத்தி ஆழமாகக் கீறினால் சுண்ணாம்புக்கல், மாக்னசைட் போன்ற மென்பாறை. சிரமப்பட்டு லேசாகக் கீறினால் நடுத்தரம். கத்தி கீறாமல், கத்தியின் இரும்பே பாறையில் கோடாகப் படிந்தால் அது குவார்ட்ஸ், அதாவது நம் வெங்கச்சங்கல், நிறைந்த பாறை. மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, கால்சைட் 3.

மணியின் அளவை நனைத்த கோரில் கண்ணால் பார்க்கலாம். மணிகள் தனித்தனியாகத் தெரிந்தால், பாறை எவ்வளவு கடினமாக இருந்தாலும் பிட்டுக்கு நல்லது. உடைந்து வரும் மணிகள் மேட்ரிக்ஸைக் கொத்தும். லென்ஸ் வைத்தாலும் மணி தெரியாத கடினப் பாறைதான் பிட்டை மெருகேற்றிவிடும். சந்தேகம் இருந்தால் திரும்பி வரும் தண்ணீரில் கை வைத்து, வண்டலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறப்பா, மாவா என்று விரல் சொல்லும். இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது, இருந்தும் பலர் செய்வதில்லை.

உடைவு என்பது விரிசல்களின் நெருக்கம். உடைந்த பாறையின் கூர்முனைகள் கிரவுனின் விளிம்பைக் கடித்துத் தேய்க்கும். ஒரே பாறை முழுசாக இருக்கும்போது கேட்கும் மேட்ரிக்ஸைவிட, நொறுங்கிக் கிடக்கும்போது ஒரு படி கடினமான மேட்ரிக்ஸைக் கேட்கும். RQD (பாறைத் தரக் குறியீடு) என்கிற எண் ஏற்கெனவே இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு ரன்னில், அதாவது ஒரு முறை இறக்கி எடுக்கும் கோரில், 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளின் மொத்த நீளத்தை, ரன்னின் நீளத்தால் வகுத்து வரும் சதவீதம் அது.

எந்த வகைப் பிட்

இம்ப்ரெக்னேட்டட் தவிர மூன்று வகைகள் கையில் இருக்கும். மண், களிமண், மக்கிய பாறை, பழுப்பு நிலக்கரிக்கு டங்ஸ்டன் கார்பைடு பிட். இதில் வைரமே இல்லை, விலை குறைவு, கடினப் பாறையைத் தொட்டதும் பல் உடையும். மென்மையான, ஒரே சீரான படிவுப் பாறைக்கு பி.சி.டி. பிட், அதாவது நுண் வைரத்தூளை அழுத்திக் கட்டிய சில்லுகள் பதித்தது. வேகமாக இறங்கும், ஆனால் நடுவே கடினமான பட்டை ஒன்று வந்தால் அதிர்ச்சியில் சில்லு தெறிக்கும்.

மூன்றாவது, சர்ஃபேஸ் செட். முகத்தில் ஒரே ஓர் அடுக்காக இயற்கை வைரங்களைப் பதித்திருப்பார்கள். ஒரு காரட்டுக்கு எத்தனை கல் என்பதுதான் இதன் அளவு. மென்பாறைக்குப் பெரிய கற்கள், காரட்டுக்கு 10 முதல் 20. நடுத்தரத்துக்கு 20 முதல் 40. கடினத்துக்கு 40 முதல் 60, அதற்கு மேலும். அந்த ஓர் அடுக்கு போனால் பிட் முடிந்தது; கொத்திப் புதுப்பிக்கும் கதை இதில் இல்லை. மேட்ரிக்ஸைக் கரைத்து மிச்ச வைரங்களை மீட்கலாம் என்பதால், கற்கள் உதிரத் தொடங்கியதுமே எடுத்து வைத்துவிடுவது லாபம். கடைசி மீட்டர் வரை ஓட்டினால் மீட்க ஒன்றும் இருக்காது. சுற்று வேகம் குறைந்த பழைய ரிக்குகளில் (துளையிடும் இயந்திரங்களில்) இம்ப்ரெக்னேட்டட் பிட்டைவிட இது ஒழுங்காக ஓடும். சர்ஃபேஸ் செட் வழக்கொழிந்துவிட்டது என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழ்நாட்டுப் பாறைகளில்

சென்னையில் பல இடங்களில் தோண்டினால் முதலில் சந்திக்கும் பாறை சார்னோக்கைட். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துப் பெயர் பெற்ற இந்தப் பாறைக்குப் பரங்கிமலைதான் மூல இடம். நீலகிரி, சேர்வராயன் மலைகளும் இதுவே. புதுப் பாறை நீலச்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போல் மினுங்கும். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கண்ணுக்குத் தெரியும் மணிகளாக இருப்பதால், கடினமாக இருந்தாலும் பிட்டைக் கொத்திக்கொண்டே இருக்கும். 1 முதல் 10 வரை எண் தருகிற அட்டவணையில் 7 அல்லது 8-ல் தொடங்கலாம்.

சார்னோக்கைட்டில் பிரச்சினை புதுப் பாறை அல்ல, அதற்கு மேலே இருக்கும் மக்கிய அடுக்கு. மக்கிய மண்ணுக்குள் மக்காத குண்டுக்கற்கள் அங்கங்கே கிடக்கும். டங்ஸ்டன் கார்பைடு பிட் திடீரென்று நின்றதும் "பாறை வந்துவிட்டது" என்று எழுதிவிட்டு, ஒன்றரை மீட்டர் கோர் எடுத்து மூட்டை கட்டுகிறவர்கள் உண்டு. அது குண்டுக்கல்லாக இருந்தால் தூண் காற்றில் நிற்கும். குறைந்தது 3 மீட்டராவது தொடர்ந்து முழுக் கோர் வருகிறதா என்று பாருங்கள்; மேலும் கீழும் மக்கல் தோல் ஒட்டியிருந்தால் அது குண்டுக்கல்தான். இந்த அடுக்கில் 7, 8 எண் பிட்டை இறக்காதீர்கள். மக்கிய பாறையின் மணல், மென்மையான மேட்ரிக்ஸைக் கரைத்துவிடும். 3 அல்லது 4 எண், அல்லது ஏற்கெனவே பாதி தேய்ந்த சர்ஃபேஸ் செட் பிட் போதும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் ஒரு பெயர்ப் பொறி இருக்கிறது. ஏற்றுமதியாளர்கள் "கருப்பு கிரானைட்" என்று விற்பது கிரானைட்டே அல்ல. டோலரைட் என்கிற டைக் பாறை, அதாவது வேறு பாறையின் விரிசலில் ஊடுருவிச் சுவர் போல் உறைந்த பாறைக்குழம்பு. கிரானைட்டும் கிரானைட் நைஸும் குவார்ட்ஸ் நிறைந்தவை, பெருமணி கொண்டவை. 6, 7 எண்ணில் நன்றாக இறங்கும். டோலரைட்டில் குவார்ட்ஸ் கிட்டத்தட்ட இல்லை, மணியும் நுண்ணியது. தூள் மாவு போல வரும். கிரானைட்டில் ஓடிக்கொண்டிருந்த பிட், டைக்கில் நுழைந்ததும் மெருகேறி நின்றுவிடும். கோர் சாம்பலிலிருந்து கருப்பாக மாறுகிற இடத்தில் இரண்டு படி மென்மையான மேட்ரிக்ஸுக்குப் போங்கள். பெயரை நம்பிப் பிட் வாங்கியவர்கள் அதிகம் நஷ்டப்படும் பாறை இதுதான்.

சேலம் கஞ்சமலையின் பட்டைமேக்னடைட் குவார்ட்சைட் இன்னும் கடினம். நுண்மணிக் குவார்ட்ஸ் பட்டையும் இரும்புப் பட்டையும் மாறி மாறி வரும். அட்டவணையின் மேல்கோடி எண், அதாவது மிகவும் மென்மையான மேட்ரிக்ஸ் தேவை. அதே சேலத்தில் சில கிலோமீட்டர் தள்ளி மாக்னசைட் சுரங்கப் பகுதியில் நிலைமை நேர் எதிர். வெள்ளைக்கல்லும் அதைச் சுற்றியுள்ள டூனைட்டும் நொறுங்கி, நரம்பு நரம்பாகக் கிடக்கும். அங்கே கடினம் பிரச்சினையே இல்லை. கோர் கழுவிப் போவதுதான் பிரச்சினை.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லுக்குப் பெரிய கல் சர்ஃபேஸ் செட் அல்லது பி.சி.டி. சரி. வேகமாக இறங்குவதால் தூள் நிறைய வரும், பிட் முகத்தில் வெட்டியிருக்கும் தண்ணீர் வழி அகலமாக இருக்க வேண்டும். நெய்வேலிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்பாறை, கத்திக்கு மென்மை, பிட்டுக்கு எமன். சரியாக ஒட்டாத குவார்ட்ஸ் மணல் என்பதால், அது உப்புத்தாள் போல் தேய்க்கும். மிகக் கடினமான மேட்ரிக்ஸ், 1 அல்லது 2 எண், அல்லது டங்ஸ்டன் கார்பைடு. கூடவே ஃபேஸ் டிஸ்சார்ஜ் பிட்டும் டிரிபிள் டியூப் பேரலும் (கோரை வாங்கி வைக்கும் மூன்றடுக்குக் குழாய்). ஃபேஸ் டிஸ்சார்ஜில் தண்ணீர் கோரைத் தொடாமல் கிரவுனுக்குள் உள்ள துளைகள் வழியாக நேரே முகத்துக்கு வரும். சாதாரணப் பிட்டைப் போட்டால் மணற்பாறை, கோர் பெட்டிக்கு வராமல் சேற்றுத்தொட்டிக்குப் போய்விடும்.

கிரவுன் உயரமும் மற்றதும்

கிரவுன் உயரம் 6 மில்லிமீட்டரிலிருந்து 16-க்கு மேலும் கிடைக்கிறது. ஆழமான வயர்லைன் துளையில், அதாவது ராடை உருவாமல் கம்பிவடத்தால் கோரை மட்டும் மேலே இழுக்கும் முறையில், உயரமான கிரவுனுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. பிட்டை மாற்ற மொத்த ராடையும் உருவ வேண்டுமே. 30 மீட்டர் அஸ்திவார ஆய்வில் என்.எக்ஸ். என்கிற துளை அளவின் பேரலை ஒவ்வொரு ரன்னுக்கும் எப்படியும் மேலே எடுக்கிறோம். அங்கே குட்டைக் கிரவுனே போதும்.

பிட்டை எப்போதும் அதன் பின்னால் வரும் ரீமிங் ஷெல்லோடு (துளையின் சுவரைச் சீவி அளவாக வைக்கும் வளையம்) சேர்த்தே யோசியுங்கள். என்.க்யூ. அளவில் பிட்டின் வெளிவிட்டம் சுமார் 75.3 மில்லிமீட்டர், ஷெல் 75.7. துளையின் இறுதி அளவைக் காப்பது அந்த 0.4 மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஷெல் தேய்ந்தால் துளை குறுகும். அடுத்துப் போடும் புதுப் பிட், பாறையின் அடியைத் தொடும் முன்பே பக்கவாட்டில் தேய்ந்துவிடும்.

சுற்று, எடை, தண்ணீர்

சரியான பிட்டையும் தவறாக ஓட்டிக் கெடுக்கலாம். இம்ப்ரெக்னேட்டட் பிட்டின் வெளிவிளிம்பு நொடிக்கு 3 முதல் 5 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். என்.க்யூ. அல்லது என்.எக்ஸ். துளையின் சுற்றளவு ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். ஆகவே நிமிடத்துக்கு 750 முதல் 1,250 சுற்று. எச்.க்யூ. துளை 96 மில்லிமீட்டர் என்பதால் 600 முதல் 1,000. சர்ஃபேஸ் செட்டுக்கு நொடிக்கு 1 முதல் 3 மீட்டர் போதும்.

அடுத்து வரும் கணக்குதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது: ஒரு சென்டிமீட்டர் இறங்கப் பிட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது? 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். 800 சுற்றில் ஓடும் பிட், நிமிடத்துக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்று அர்த்தம். 3 சென்டிமீட்டர்தான் இறங்குகிறதென்றால் 267 சுற்று ஆகிறது. பிட் பாறையை வெட்டவில்லை, தேய்த்து மெருகேறிக்கொண்டிருக்கிறது. 15 சென்டிமீட்டர் இறங்கினால் 53. மேட்ரிக்ஸ் அநியாயமாகக் கரைகிறது. ராடில் சாக்பீஸால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, செல்போனில் நேரம் பாருங்கள்.

எடை, அதாவது பிட்டின் மேல் கொடுக்கும் அழுத்தம், என்.க்யூ. பிட்டுக்கு ஏறக்குறைய 1,400 முதல் 2,300 கிலோ. அவ்வளவு அழுத்தம் தர முடியாத சிறிய ரிக்காக இருந்தால் அட்டவணை சொல்வதைவிட ஒரு படி மென்மையான மேட்ரிக்ஸை எடுங்கள்.

தண்ணீர் என்.க்யூ.வுக்கு நிமிடத்துக்கு 30 முதல் 40 லிட்டர். பம்பில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். கேசிங் (துளையின் மேல்பகுதியைக் காக்கும் குழாய்) வாயில் திரும்பி வருவதைப் பிடியுங்கள். 20 லிட்டர் வாளி 30 நொடியில் நிறைந்தால் 40 லிட்டர். அனுப்புவதைவிடக் குறைவாகத் திரும்பினால் பாறை விரிசல் குடிக்கிறது. ராடு மூட்டில் கசிந்தால் திரும்புவது குறையாது. அதனால் மூட்டுக் கசிவுதான் ஆபத்து. மேலே தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருக்கும், கீழே பிட் வறண்டு கிடக்கும்.

புதுப் பிட்டை இறக்கும்போது அடியைத் தொடும் முன் நிறுத்தி, தண்ணீரைத் திறந்து, அது திரும்பி வந்த பிறகு மெதுவாகச் சுற்றிக்கொண்டே அடியில் வையுங்கள். முதல் 10, 15 சென்டிமீட்டர் குறைந்த சுற்று, குறைந்த எடை. பிட்டின் முகமும் துளையின் அடியும் ஒன்றுக்கொன்று படிந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

பிட்டின் முகத்தைப் படிப்பது

மேலே வந்த பிட்டைக் கழுவி, விரல் நுனியால் முகத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்து, ஒவ்வொரு வைரத்துக்கும் பின்னால் மேட்ரிக்ஸ் சிறிய வால் போல் நின்றால் எல்லாம் சரி.

வழுவழுப்பாக இருந்தால் மேட்ரிக்ஸ் கடினம், அல்லது எடை போதவில்லை, அல்லது சுற்று அதிகம். முதலில் சுற்றைக் குறைத்து எடையைக் கூட்டிப் பாருங்கள். சென்டிமீட்டருக்கு 80-க்குக் கீழே கொஞ்ச நேரம் ஓடினால் பிட் தானாகவே கொத்திக்கொள்ளும். மசியவில்லையென்றால் மேலே எடுத்து சிலிக்கான் கார்பைடு கல்லால் முகத்தைத் தீட்டுங்கள். துளைக்குள்ளேயே தண்ணீரைக் குறைத்துப் பிட்டைக் கூராக்கும் பழக்கம் ஒன்று உண்டு. கை பழகாதவர் அதைச் செய்தால் பிட் கருகிப் பாறையோடு ஒட்டிக்கொள்ளும்; அதன் பின் பிட் மட்டுமல்ல, பேரலும் போய்விடும்.

வைரங்கள் அளவுக்கு மீறித் துருத்தி, பல உதிர்ந்த குழிகளும் தெரிந்தால் மேட்ரிக்ஸ் மென்மை. சுற்றைக் கூட்டி எடையைக் குறையுங்கள். அடுத்த பிட்டை ஒரு எண் கீழே வாங்குங்கள்.

உள்விளிம்பு மட்டும் தேய்ந்து முகம் கிண்ணம் போல் குழிந்திருந்தால், போன ரன்னில் விட்டுவந்த கோரின் மேலேயே ஓட்டியிருக்கிறார்கள். பழியைப் பிட் மேல் போடாமல் கோரைப் பிடித்து உடைத்து மேலே கொண்டுவரும் வளையமான கோர் லிஃப்டரைப் பாருங்கள். ஒரு கோர் துண்டின் மேல் அதைக் கையால் நகர்த்தினால் வழுக்காமலும் இறுகாமலும் பிடிக்க வேண்டும். வழுக்கினால் தூக்கிப் போடுங்கள். பிட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. வெளிவிளிம்பு தேய்ந்து முகம் உருண்டிருந்தால் குறுகிய துளையை அகலப்படுத்திக்கொண்டே இறங்கியிருக்கிறது, அல்லது வெளிப்பக்கம் தண்ணீர் போதவில்லை.

முகம் நீலம், கருப்பாக மாறித் தண்ணீர் வழிகள் அடைபட்டிருந்தால் கருகல். தண்ணீர் வழியின் மூலையில் விரிசல் என்றால் எடை மிதமிஞ்சியது, அல்லது பிட் அடியில் மோதியது.

எது மலிவு

பிட் சீக்கிரம் தேய்கிறது என்று புலம்பும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான். ரிக், ஆள், டீசல் சேர்த்து மணிக்கு 2,000 ரூபாய் என்று வையுங்கள். 9,000 ரூபாய் பிட் 30 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 0.6 மீட்டர் வேகத்தில். மீட்டருக்குப் பிட் செலவு 300, நேரச் செலவு 3,333. இன்னொரு பிட் 12,000 ரூபாய், 20 மீட்டரிலேயே தீர்ந்துவிடுகிறது, ஆனால் மணிக்கு 1.2 மீட்டர். பிட் செலவு 600, நேரச் செலவு 1,667. முதலாவது மீட்டருக்கு 3,633, இரண்டாவது 2,267. சீக்கிரம் தேய்கிற பிட்தான் மலிவு. பிட்டுக்கான காசை முதலாளியும் டீசலுக்கான காசைச் சப்-கான்ட்ராக்டரும் தனித்தனியாகக் கொடுக்கும் இடங்களில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. அதனால்தான் மெருகேறிய பிட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ராடைச் சுற்றுகிறார்கள்.

ஒரே துளைக்கு இரண்டு மூன்று பிட் தேவைப்படும் என்று தெரிந்தால், தொடங்கும் முன்பே எல்லாவற்றின் வெளிவிட்டத்தையும் காலிப்பரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரியது முதலில், சிறியது பின்னால் இறங்க வேண்டும். புதுப் பிட்டைப் பத்திரப்படுத்தி, தேய்ந்ததை முதலில் ஓட்டினால், புதுசு உள்ளே போகும்போது துளை அதற்குக் குறுகலாக இருக்கும்.